குறைந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரான் கற்றையை அளத்தல்: அளவுமாற்ற விதியை எதுவரை நம்பலாம்?

கற்றைநோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டி.டபிள்யூ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும், நுண்ணலைகளைப் பெருக்கும் முன்னேறு அலைக் குழாய் ஒன்றுக்கான எலக்ட்ரான் துப்பாக்கியைத் தனியே ஒரு வெற்றிடக் கலத்தில் பொருத்தி, அதன் கற்றையின் குறுக்குவெட்டை அளந்து வருகிறேன். வடிவமைப்பின்படி மின்னழுத்தம் 4000 வோல்ட், மின்னோட்டம் 100 மில்லிஆம்பியர். எலக்ட்ரான்களை உமிழும் கேதோடின் ஆரம் 2 மில்லிமீட்டர். கற்றை மிகக் குறுகும் இடத்தில், அதாவது அதன் இடுப்பில், ஆரம் அரை மில்லிமீட்டர். மின்னோட்டத்தை மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கால் வகுத்துப் பெறும் பெர்வியன்ஸ் ஏறத்தாழ 0.4 மைக்ரோபெர்வ் ஆகிறது.

முழு மின்னழுத்தத்தில் தொடர்ந்து இயக்கினால் 400 வாட் திறன் அளவீட்டுத் தகட்டின் மீது விழும் என்பதால், 1000 வோல்ட்டில் அளக்கத் தொடங்கினேன். மின்னோட்டம் மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கில் மாறும் என்ற சைல்ட்–லாங்மியூர் விதிப்படி அங்கு மின்னோட்டம் எட்டில் ஒரு பங்காகி 12.5 மில்லிஆம்பியராக வேண்டும். அதற்கு மிக அருகில்தான் வருகிறது. ஆனால் 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஊசித்துளையையும் அதன் பின்னே மின்னோட்டத்தைப் பிடித்து அளக்கும் ஃபாரடே கிண்ணத்தையும் நகர்த்தி எடுத்த குறுக்குவெட்டு, கணினிக் கணிப்பைவிடத் தெளிவாக அகன்றிருக்கிறது. அதன் ஓரம் கூர்மையாக விழாமல் நீண்ட வால் போலச் சரிகிறது. கற்றையின் மையமும் அச்சிலிருந்து விலகியிருக்கிறது. கணிப்பில் எலக்ட்ரான்கள் கேதோடிலிருந்து சுழி வேகத்தில் புறப்படுவதாக வைத்திருக்கிறேன். குவிக்கும் காந்தம் எதுவும் இப்போது இல்லை.

மின்னழுத்தத்தைக் குறைத்தாலும் எலக்ட்ரான் பாதைகள் மாறா என்ற அளவுமாற்ற விதியைப் பாடநூல்கள் எல்லாமே சொல்கின்றன. அப்படியானால் இந்த வேறுபாடு துப்பாக்கியின் இயல்பா, அல்லது குறைந்த மின்னழுத்தத்தில் அளப்பதால் மட்டுமே தோன்றுவதா?

*

வெற்றிடவாணர் எழுதியது:

பாதைகள் மாறா என்ற விதி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்தால், அது எங்கே உடையும் என்பதும் தெரிந்துவிடும். மின்வாய்களின் மின்னழுத்தங்கள் அனைத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்து, மின்னோட்டத்தை அதன் ஒன்றரை அடுக்கிலும் காந்தப்புலத்தை அதன் இருமடி மூலத்திலும் குறைத்தால், பாய்சான் சமன்பாடும் இயக்கச் சமன்பாடும் வடிவம் மாறாமல் நிற்கின்றன. வெளிமின்னூட்டம், அதாவது வெளியில் திரண்டு ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்களின் மின்னூட்டம், முழுமையாக ஆளும் நிலையில் கேதோடு தானே அந்த ஒன்றரை அடுக்கைப் பின்பற்றுகிறது. 4000 வோல்ட்டில் எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் என்பதால் சார்பியல் திருத்தமும் இங்கு ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் இந்த வாதம் முழுவதும், கற்றையைத் தொடும் எல்லா அளவுகளும் மின்னழுத்தத்தோடு சேர்ந்து குறைகின்றன என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. குறையாத ஒன்று இருந்தால், அது குறைந்த மின்னழுத்தத்தில் தன் பங்கைப் பெரிதாக்கிக் காட்டும். உங்கள் கலத்தில் அப்படிக் குறையாதவை பல இருக்கின்றன. அவற்றில் முதலாவது கேதோடின் வெப்பநிலை.

ஏறத்தாழ 1300 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.11 எலக்ட்ரான்வோல்ட். கேதோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களுக்குப் பக்கவாட்டில் இந்த அளவு ஆற்றல் இயல்பாகவே உண்டு. அதை முடுக்கும் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு இருமடி மூலம் எடுத்தால், பக்கவாட்டு வேகத்துக்கும் முன்னோக்கு வேகத்துக்கும் உள்ள விகிதம் 4000 வோல்ட்டில் 0.005, 1000 வோல்ட்டில் 0.01 என்று வருகிறது. உங்கள் கற்றை ஆரத்தில் நான்கு மடங்கு சுருங்குகிறது. ஆரம் சுருங்கும்போது பக்கவாட்டு வேகம் அதே மடங்கில் பெருகியே ஆக வேண்டும் என்பதால், இடுப்பில் இந்த விகிதங்கள் 0.02, 0.04 ஆகின்றன. அதே கற்றை வெளிமின்னூட்ட விலக்கத்தால் மட்டும் விரிந்து ஆரம் இரட்டிக்கும் இடத்தில் அதன் ஓரச் சாய்வு 0.09 அளவில்தான் இருக்கும். ஆகவே 1000 வோல்ட்டில் வெப்ப வேகம் புறக்கணிக்கத்தக்கது அன்று.

கட்லரும் ஹைன்ஸும் 1955-இல் துப்பாக்கிகளில் வெப்ப வேகத்தின் விளைவை விரிவாக ஆராய்ந்தார்கள். கூர்மையான ஓரத்துக்குப் பதிலாகக் காஸ் வடிவில் சரியும் பாவாடை போன்ற விளிம்பு உருவாகும் என்பது அந்த ஆய்விலிருந்து தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் சொல்லும் நீண்ட வால் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால்தான் ‘கற்றையின் ஆரம்’ என்று எழுதும்போது மின்னோட்டத்தின் எத்தனை விழுக்காட்டை உள்ளடக்கிய ஆரம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 95 விழுக்காட்டு ஆரத்தையும் சுழி வேகக் கணிப்பின் கூர்மையான ஓரத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் என்றுமே பொருந்தா.

*

காந்தவெளி எழுதியது:

வெற்றிடவாணர் சொன்னது அகலத்தை விளக்குகிறது. மைய விலகலை விளக்கவில்லை. வெப்ப வேகம் சமச்சீரானது, அது கற்றையை ஒரு பக்கமாகத் தள்ளாது. குறையாத பொருள்களில் இரண்டாவதாகப் பூமியின் காந்தப்புலத்தைச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் புலம் அரை காஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செங்குத்தாகச் செல்லும் 4000 வோல்ட் எலக்ட்ரானின் பாதை ஏறத்தாழ 4.3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளைகிறது. பெரிய ஆரம்தானே என்று தோன்றும். ஆனால் 10 சென்டிமீட்டர் பயணத்தில் அது தரும் விலகல் 1.2 மில்லிமீட்டர், அதாவது உங்கள் இடுப்பின் விட்டத்தைவிட அதிகம். 1000 வோல்ட்டில் இதே விலகல் 2.3 மில்லிமீட்டர். அளவுமாற்ற விதி காந்தப்புலத்தையும் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது; பூமி அதற்கு இணங்குவதில்லை.

வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ உலோகக் கவசமோ, அதை ஈடுகட்ட மூன்று திசைகளிலும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்களோ இல்லாமல் இத்தகைய கற்றையின் மையத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. கவசம் வைத்த பிறகும் கலத்துக்குள்ளேயே காந்தப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீங்கான் இணைப்புகளில் பயன்படும் கோவார் ஃபெர்ரோகாந்தத் தன்மை கொண்டது. துருப்பிடிக்காத எஃகின் பற்றவைப்புத் தையல்களும், முறுக்கி வளைத்த பகுதிகளும் காந்தமேறிக் கிடக்கலாம். பட்டியலில் உள்ள பொருளின் பெயரைப் பார்த்து நிம்மதி அடைவதை விட, ஒரு புல அளவியை எடுத்துக் கற்றையின் வழி நெடுகிலும் அளப்பது நல்லது.

சூடேற்றும் இழையின் மின்னோட்டமும் ஒரு புலத்தை உண்டாக்குகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கேதோடுக்கு வெப்ப நிலைமம் இருப்பதால், இழையின் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தினாலும் உமிழ்வு சில நொடிகள் ஏறக்குறைய அப்படியே தொடரும். அந்த இடைவெளியில் கற்றையின் மையம் நகர்ந்தால், நகர்த்தியது இழையின் காந்தப்புலமே. இழைக்கு மாறுதிசை மின்னோட்டம் கொடுத்திருந்தால் கற்றை அதே அதிர்வெண்ணில் ஊசலாடும்; மெதுவாக நகரும் ஊசித்துளை அந்த ஊசலாட்டத்தைச் சராசரியாக்கி, அகலமாகப் பதிவு செய்யும். உங்கள் கூடுதல் அகலத்தில் ஒரு பகுதி இதுவாகவும் இருக்கலாம்.

*

கற்றைநோக்கி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இழைக்கு நேர்மின்னோட்டம்தான் கொடுக்கிறேன். அதை நிறுத்திப் பார்த்ததில் மையம் அசையவில்லை. ஆனால் 2000 வோல்ட்டுக்கு உயர்த்தியபோது மைய விலகல் குறைந்தது. குறைந்த அளவும் மின்னழுத்தத்தின் இருமடி மூலத்தோடு ஒத்துப்போகிறது. பூமியின் புலம் என்ற விளக்கம் பொருந்துவதாகவே தோன்றுகிறது. கவசத்துக்கு ஏற்பாடு செய்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். இயக்கத் தொடங்கியதும் மின்னோட்டம் நிலைபெறுவதற்கு முன் நெடுநேரம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது. இடுப்பின் இடமும் அதோடு சேர்ந்து நகர்கிறது. அடுத்து, கிண்ணத்தின் அளவுகளைக் குறுக்குவெட்டு முழுவதும் கூட்டினால் வரும் மொத்த மின்னோட்டம் கேதோடு மின்னோட்டத்தைவிடக் குறைவாக இருக்கிறது. கிண்ணம் தாமிரத்தால் ஆனது, ஆழம் குறைவானது. இந்தக் குறைவைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா?

*

பழைய உமிழி எழுதியது:

விட்டுவிடக் கூடாது, அதன் காரணமும் கடினமானது அன்று. கிண்ணத்தின் அடியில் மோதும் எலக்ட்ரான்கள் அனைத்தும் அங்கேயே தங்குவதில்லை. சில எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு வெளிவரும் இரண்டாம்நிலை எலக்ட்ரான்களை வாயிலில் ஓர் எதிர்மின்னழுத்த வளையம் வைத்துத் திருப்பிவிடலாம். ஆனால் மோதிய ஆற்றலில் பெரும்பகுதியோடு பின்சிதறும் எலக்ட்ரான்களை அந்தச் சிறு மின்னழுத்தம் தடுக்காது. இந்த ஆற்றல்களில் தாமிரத்தில் பின்சிதறும் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கிராஃபைட்டில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே அடிப்பகுதியைக் கிராஃபைட்டாக மாற்றி, கிண்ணத்தின் ஆழத்தை வாயில் விட்டத்தைப் போலப் பல மடங்காக வைத்தால், தப்பிப்பவை மிகச் சிலவாகிவிடும். கூட்டுத்தொகை கேதோடு மின்னோட்டத்தோடு பொருந்தும்வரை குறுக்குவெட்டின் வடிவத்தைப் பற்றியும் நான் எதுவும் சொல்லத் துணியமாட்டேன். ஏனெனில் கற்றையின் ஓரத்தில் சாய்ந்து நுழையும் எலக்ட்ரான்களும் நடுவில் நேராக நுழையும் எலக்ட்ரான்களும் ஒரே விகிதத்தில் தப்பிக்கின்றன என்பதற்கு உறுதி இல்லை.

மெல்ல ஏறும் மின்னோட்டத்துக்கு வருவோம். கேதோடைத் தாங்கும் மாலிப்டினக் குழல் 10 மில்லிமீட்டர் நீளம் என்றால், 900 டிகிரி சூடேறும்போது அது ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் நீள்கிறது. கேதோடு அந்த அளவு நேர்மின்வாயை நோக்கி முன்னேறுகிறது. அதைச் சூழ்ந்திருக்கும் குவிப்பு மின்வாயோ மெதுவாகச் சூடேறித் தன் வேகத்தில் நீள்கிறது. கேதோடைச் சூழ்ந்த மின்வாயால் கற்றையைக் குவிக்கும் பியர்ஸ் வகைத் துப்பாக்கியில் கேதோடு விளிம்புக்கும் குவிப்பு மின்வாய்க்கும் இடையிலுள்ள சிறு இடைவெளிதான் ஓர எலக்ட்ரான்களின் திசையைத் தீர்மானிக்கிறது. ஆகவே வரைபடத்தில் உள்ள குளிர்ந்த அளவுகளைக் கணிப்பில் இடக் கூடாது. சூடான நிலையில் எந்தப் பகுதி எங்கே நிற்கும் என்று கணக்கிட்டு இட வேண்டும். கணிப்பும் அளவீடும் பொருந்தாத பல நேர்வுகளில் குறை இங்குதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இவற்றைவிட முக்கியமாக, கேதோடைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். 4000 வோல்ட்டில் உங்கள் கேதோடு சதுர சென்டிமீட்டருக்கு 0.8 ஆம்பியர் தர வேண்டும். 1000 வோல்ட்டில் அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.1 ஆம்பியர் போதும். பேரியம் சேர்மம் ஊட்டிய டங்ஸ்டன் கேதோடு நல்ல நிலையில் இருந்தால் இரண்டுமே அதற்கு எளிது. ஆனால் வெற்றிடத்தில் இருந்த வாயுவால் அதன் பரப்பு ஆங்காங்கே நஞ்சேறிப் போயிருந்தால், அந்தத் திட்டுகள்கூட 0.1 ஆம்பியரைக் கொடுத்துவிடும். அப்போது வெளிமின்னூட்டமே உமிழ்வை முழுமையாக ஆள்வதால் கற்றை சீராகவே தெரியும். முழு மின்னழுத்தத்துக்குச் சென்றதும் அதே திட்டுகளில் உமிழ்வு வெப்பநிலையால் கட்டுப்படுத்தப்பட்டு, கற்றை ஓட்டை விழுந்தது போலாகும். குறைந்த மின்னழுத்தச் சோதனை வெப்ப வேகத்தில் கற்றையை மோசமாகக் காட்டுகிறது. கேதோடின் தரத்தில் அதை நன்றாகக் காட்டி ஏமாற்றுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள் என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள, முழு மின்னழுத்தத்தில் குறுகிய துடிப்புகளாக மின்னோட்டத்தை எடுத்தபடி கேதோடின் வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்து, மின்னோட்டத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைய வேண்டும். மிராம் வளைகோடு என்று குழாய்த் துறையில் அழைக்கப்படுவது இதுதான். சமதளமாக நீளும் பகுதி சட்டென முறிந்து சரிந்தால் பரப்பு முழுவதும் ஒரே தரத்தில் இருக்கிறது. முறிவு உருண்டு, மெல்லச் சரிந்தால் வெவ்வேறு வெளியேற்று ஆற்றல் கொண்ட திட்டுகள் பரப்பில் கலந்திருக்கின்றன. கேதோடைக் கழற்றாமலே அதன் பரப்பைப் பற்றி இவ்வளவு சொல்லும் வேறு அளவீடு எனக்குத் தெரியவில்லை.

*

நேர்வழி எழுதியது:

பழைய உமிழி அவர்களே துடிப்புக்கு வந்துவிட்டதால் கேட்கிறேன்: பிறகு எதற்கு 1000 வோல்ட்? முழு மின்னழுத்தத்தில் துடிப்புகளாகவே எல்லாவற்றையும் அளந்துவிடலாமே. அளவுமாற்ற விதி எங்கெங்கே உடைகிறது என்று தேடுவதைவிட, அந்த விதியே தேவைப்படாத நிலையில் அளப்பது நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

திறன் அடர்த்திக் கணக்கும் அதற்கு இடம் தருகிறது. அரை மில்லிமீட்டர் ஆரத்தில் 400 வாட் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 51 கிலோவாட். தொடர்ந்து விழுந்தால் எந்தத் தகடும் தாங்காது. ஆனால் தடித்த தாமிரப் பரப்பில் 10 மைக்ரோநொடித் துடிப்பு ஒன்று உண்டாக்கும் வெப்ப உயர்வு 50 டிகிரிக்கு அருகில்தான். 100 மைக்ரோநொடிக்கு 150 டிகிரி, ஒரு மில்லிநொடிக்கு 500 டிகிரி; கால அளவின் இருமடி மூலத்தில் ஏறிச் செல்கிறது. நொடிக்குப் பத்துத் துடிப்புகள், ஒவ்வொன்றும் 10 மைக்ரோநொடி என்றால் சராசரித் திறன் 40 மில்லிவாட். தகட்டுக்கு ஒன்றும் ஆகாது.

*

துடிப்பலை எழுதியது:

நேர்வழி அவர்களின் வெப்பக் கணக்கை ஏற்கிறேன். முடிவைப் பாதிதான் ஏற்கிறேன். துடிப்பில் அளந்த கற்றையும் தொடர்ந்து இயங்கும் கற்றையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே அயனிகள் நிற்கின்றன.

100 மில்லிஆம்பியர், 4000 வோல்ட் கற்றையின் நடுப்பகுதி அதன் ஓரத்தைவிட 24 வோல்ட் தாழ்ந்திருக்கிறது. சுற்றியுள்ள குழலின் ஆரம் கற்றையின் ஆரத்தைப் போல் இருமடங்கு என்றால், குழலைவிட ஏறத்தாழ 57 வோல்ட் தாழ்வு. மீந்திருக்கும் வாயு மூலக்கூறு ஒன்றைக் கற்றை எலக்ட்ரான் அயனியாக்கினால், மெதுவாக நகரும் அந்த நேர் அயனி இந்தப் பள்ளத்துக்குள் விழுந்து தங்கிவிடுகிறது. அயனிகள் சேரச் சேர எலக்ட்ரான்களின் எதிர்மின்னூட்டம் ஈடுசெய்யப்படுகிறது, விலக்கம் தளர்கிறது, கற்றை முன்பைவிடக் குறைவாக விரிகிறது, இடுப்பு துப்பாக்கியிலிருந்து விலகிச் செல்கிறது. வெற்றிடம் 10⁻⁸ டார் அளவில் இருந்து, மீந்த வாயு நைட்ரஜன் போன்ற எடையுள்ளதாக இருந்தால், ஈடுசெய்யும் அளவுக்கு அயனிகள் சேரச் சில பத்து மில்லிநொடிகள் ஆகும். 10⁻⁶ டார் என்றால் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரம் போதும்.

ஆகவே 10 மைக்ரோநொடித் துடிப்பில் அயனியே இல்லாத தூய கற்றையைப் பார்க்கிறீர்கள். செயற்கைக்கோளில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து இயங்க வேண்டிய குழாய்க்கு அது முழு உண்மை ஆகாது. அங்கு அயனிகள் சேர்ந்தும் கலைந்தும் வெளியீட்டு அலையின் கட்டத்தில் மெல்லிய ஊசலாட்டத்தை உண்டாக்கக்கூடும். அதைத் துடிப்பு அளவீடு ஒருபோதும் காட்டாது.

இதையே சாதகமாகவும் திருப்பலாம். துடிப்பின் நீளத்தை 10 மைக்ரோநொடியிலிருந்து படிப்படியாக நீட்டி, ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் இறுதியிலும் கிண்ணத்தின் குறியைத் தனித்தனியே பதிவு செய்யுங்கள். துடிப்புக்குள்ளேயே குறுக்குவெட்டு மாறினால், மாறும் கால அளவு வாயுவின் அழுத்தத்தைச் சொல்லிவிடும். அழுத்தத்தை வேண்டுமென்றே சற்று உயர்த்தி அந்தக் காலம் எதிர்விகிதத்தில் சுருங்குகிறதா என்று பார்த்தால் ஐயம் முற்றிலும் நீங்கும். 1000 வோல்ட்டில் தொடர் இயக்கத்தில் நீங்கள் கண்ட கூடுதல் அகலத்துக்கு அயனிகளைக் குறைகூற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவை கற்றையை ஒடுக்கும், விரிக்கா. ஆனால் இடுப்பு வேறிடத்துக்கு நகர்ந்திருக்க, நீங்கள் பழைய தளத்திலேயே அளந்தால், அந்தத் தளத்தில் கற்றை அகன்று தெரியலாம். அச்சு வழியே பல தளங்களில் அளந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வரி. துடிப்பு மின்வழங்கியின் மின்தேக்கிகள் நிறுத்திய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். நில இணைப்புக் கோலால் தொட்டு இறக்காமல் யாரும் கலத்துக்கு அருகே கையைக் கொண்டு செல்லக் கூடாது.

*

வெற்றிடவாணர் எழுதியது:

நேர்வழி அவர்கள் சொல்வது போல 4000 வோல்ட் துடிப்பு அளவீடு கட்டாயம் வேண்டும். ஆனாலும் 1000 வோல்ட் அளவீட்டைக் கைவிட வேண்டாம் என்பேன். பரிசோதனையில் ஒரே ஓர் இயக்கப் புள்ளியில் கிடைக்கும் குறுக்குவெட்டு, கணிப்போடு பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், காரணத்தைச் சொல்வதில்லை. மின்னழுத்தத்தை மாற்றிப் பல புள்ளிகளில் அளக்கும்போதுதான் ஒவ்வொரு காரணமும் தன் அடையாளத்தோடு வெளிப்படுகிறது.

துப்பாக்கியின் வடிவப் பிழையால் வரும் அகலம் எந்த மின்னழுத்தத்திலும் மாறாது. ஏனெனில் அது அளவுமாற்ற விதிக்குள் அடங்குகிறது. வெப்ப வேகத்தின் பங்கு மின்னழுத்தத்தின் இருமடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். வெளிக் காந்தப்புலமும் அதே விகிதத்தில்தான் குறையும், ஆனால் மையத்தை நகர்த்தும், வெப்பம் நகர்த்தாது. கேதோடுக்கும் நேர்மின்வாய்க்கும் இடையிலுள்ள தொடுகை மின்னழுத்தம் இரண்டு மூன்று வோல்ட் என்பதால் அதன் பங்கு மின்னழுத்தத்துக்கே எதிர்விகிதத்தில் சுருங்கி, 1000 வோல்ட்டிலும் மின்னோட்டத்தில் அரை விழுக்காட்டுக்குள் நிற்கும். நஞ்சேறிய கேதோடு இவற்றுக்கு நேர்மாறாக, மின்னழுத்தம் ஏற ஏற மோசமாகும். ஆகவே 1000, 2000, 4000 என்ற மூன்று இடங்களிலும் ஒரே துடிப்பு நீளத்தில் அளந்து ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்தால், எது எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு உறுதியாகப் பிரித்துவிடலாம். விதி உடையும் இடங்களே நமக்குச் செய்தி தரும் இடங்கள்.

*

அலையோடி எழுதியது:

விவாதம் முழுவதும் கற்றையை அசையாத ஒரு வடிவமாகவே பேசி வருகிறோம். நுண்ணலைக் குழாயில் கற்றை செய்யும் வேலையே அதன் மீது அலைகளைச் சுமப்பதுதான். வேரியன் சகோதரர்கள் ஸ்டான்ஃபோர்டில் 1937-இல் கிளைஸ்ட்ரான் என்ற நுண்ணலைக் குழாயை உருவாக்கினார்கள். எலக்ட்ரான்கள் முந்தியும் பிந்தியும் சென்று கொத்தாகச் சேர்வதை வெப்ஸ்டர் 1939-இல் ஒன்றையொன்று விலக்காத எறிபொருள்களாக வைத்துக் கணக்கிட்டார். அதே ஆண்டு ஹானும் ராமோவும் வெளிமின்னூட்ட அலைகளின் கோட்பாட்டைத் தந்தார்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் கொத்து சேர்ந்து, கலைந்து, மீண்டும் சேரும் என்பதும், அந்தச் சுழற்சியின் நீளம் பிளாஸ்மா அலைநீளத்தால் அமையும் என்பதும் அதிலிருந்து வருகின்றன.

இந்தத் துப்பாக்கியின் இடுப்பில், 4000 வோல்ட்டில், பிளாஸ்மா அதிர்வெண் 1.3 கிகாஹெர்ட்ஸ், பிளாஸ்மா அலைநீளம் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர். குழலுக்குள் மெல்லிய கற்றையாகச் செல்லும்போது குறைப்புக் காரணியால் அது இன்னும் நீளும். இதை நேரடியாக அளக்க முடியும் என்பதற்குப் பெல் ஆய்வகத்தின் கட்லரும் குவேட்டும் 1950-இல் வெளியிட்ட சோதனையே சான்று. அவர்கள் ஒத்ததிர்வுக் குழி ஒன்றைக் கற்றையின் நீளத்தில் நகர்த்தி, கற்றையிலுள்ள இரைச்சலை இடத்துக்கு இடம் அளந்தார்கள். கேதோடில் தற்செயலாகத் தோன்றும் ஏற்ற இறக்கம் கற்றை வழியே நிலையலை போல உயர்ந்தும் தாழ்ந்தும் தெரிந்தது. வெளிமின்னூட்டம் இரைச்சலைத் தணிக்கிறது என்பதும் உறுதியானது. வெளியிலிருந்து எந்தக் குறியையும் கொடுக்காமல், கற்றையின் சொந்த இரைச்சலைக் கொண்டே அதன் உள்ளியக்கத்தைப் படித்தது எனக்கு இன்றும் மிகுந்த வியப்பைத் தருகிறது.

கற்றைநோக்கி அவர்களின் கலத்தில் ஊசித்துளையை நகர்த்தும் அமைப்பு ஏற்கனவே இருப்பதால், அச்சு வழியே நகரும் ஒரு சிறு குழியைச் சேர்ப்பது இயலாத காரியம் அன்று. குறுக்குவெட்டில் கண்ட மின்னோட்ட அடர்த்தி சரிதானா என்பதற்கு அளக்கப்பட்ட பிளாஸ்மா அலைநீளம் முற்றிலும் தனிப்பட்ட சான்றாக அமையும். கிண்ணத்தில் தப்பிக்கும் எலக்ட்ரான்களின் சிக்கல் இந்த அளவீட்டைத் தொடுவதில்லை.

*

கற்றைநோக்கி எழுதியது:

எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கற்றுக்கொண்டேன். கிராஃபைட் அடி வைத்த ஆழமான கிண்ணம், காந்தக் கவசம், மூன்று மின்னழுத்தங்களில் துடிப்பு அளவீடு, அச்சு வழியே பல தளங்கள் என்ற வரிசையில் செல்கிறேன். மிராம் வளைகோட்டை முதலிலேயே எடுத்துவிடுவேன்.

காந்தவெளி அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். துப்பாக்கிக்குப் பிறகு, சமேரியம்–கோபால்ட் வளையங்களை மாறிமாறி அடுக்கிய நிலைக்காந்த வரிசைக்குள் கற்றையைச் செலுத்தப் போகிறேன். குழாயில் நுண்ணலையைச் சுமந்து கற்றையைச் சூழ்ந்திருக்கும் கம்பிச் சுருள் மிக மெல்லியது. அதன் மீது கற்றை மோதினால் உருகிவிடும். அந்தப் பகுதியையாவது முதலில் 1000 வோல்ட்டில் பாதுகாப்பாகச் சோதித்துப் பார்க்கலாமா?

*

காந்தவெளி எழுதியது:

அந்த இடத்தில் மட்டும் வேண்டாம். காரணத்தை எண்களோடு சொல்கிறேன்.

உங்கள் கற்றையை அரை மில்லிமீட்டர் ஆரத்தில் நிறுத்தத் தேவையான பிரில்லுவான் புலம் 4000 வோல்ட்டில் ஏறத்தாழ 660 காஸ். மாறிமாறித் திசை திரும்பும் வரிசையில் சராசரி இருமடி மதிப்பே கணக்கில் வருவதால், உச்சப் புலம் இதைப்போல் 1.4 மடங்கு, அதாவது 930 காஸ் வேண்டும். வெப்ப வேகத்தையும் ஊசலாட்டங்களையும் கட்டுப்படுத்த நடைமுறையில் இதற்கும் மேலே வைப்பார்கள். அளவுமாற்ற விதிப்படி 1000 வோல்ட்டில் இந்தப் புலம் பாதியாக வேண்டும். மின்காந்தச் சுருளில் மின்னோட்டத்தைப் பாதியாக்கிவிடலாம். நிலைக்காந்தத்தை அப்படிக் குறைக்க வழியில்லை.

புலம் தேவைக்கு மிகுந்தால் கற்றை இன்னும் நன்றாகத்தானே அடங்கும் என்று எண்ணத் தோன்றும். நீண்ட மின்காந்தச் சுருளின் சீரான புலத்தில் கற்றை கலையாமல் சிற்றலையோடு அடங்கியிருக்கும் என்பதால் அந்த எண்ணம் ஓரளவு செல்லும். மாறிமாறி வரும் புலத்தில் அது செல்லாது. மெண்டல், குவேட், யோகம் ஆகியோர் 1954-இல் இத்தகைய குவிப்பைப் பற்றி எழுதியதிலிருந்து நாம் பயன்படுத்தும் புல அளவுரு ஒன்று உண்டு. அது புலத்தின் இருமடிக்கும் காந்த வரிசையின் அலகு நீளத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கிறது. எலக்ட்ரானின் இயக்கம் மாத்தியூ சமன்பாட்டைப் பின்பற்றுவதால், இந்த அளவுரு ஏறத்தாழ 0.66-ஐத் தாண்டியதும் முதல் நிலையின்மைப் பட்டைக்குள் நுழைகிறது. அங்கு கற்றை ஒவ்வொரு அலகிலும் மேலும் மேலும் வீங்கிச் சுவரில் மோதும். உங்கள் வரிசை 4000 வோல்ட்டில் 0.2 என்ற நிதானமான மதிப்பில் வடிவமைக்கப்பட்டிருந்தால், 1000 வோல்ட்டில் அதுவே 0.8 ஆகிவிடும். பாதுகாப்பு என்று நினைத்துத் தேர்ந்தெடுத்த மின்னழுத்தமே கற்றை முழுவதையும் சுருளின் மீது கொட்டும்.

இதே காரணத்தால், இவ்வகைக் குழாய்களில் கேதோடு மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றுவது ஆபத்தானது. ஏறும் வழியில் நிலையின்மைப் பட்டையைக் கடந்தே ஆக வேண்டும். அந்தக் கணத்தில் சுருள் மின்னோட்டம் துள்ளும். கற்றையை வேறொரு மின்வாயால் அடைத்து வைத்து, மின்னழுத்தம் முழு அளவை எட்டிய பிறகே திறந்துவிட வேண்டும். நேர்வழி அவர்கள் சொன்ன முழு மின்னழுத்தக் குறுந்துடிப்பு மிகச் சரியாகப் பொருந்துவது இங்குதான். 10 மைக்ரோநொடியில் தொடங்கி, சுருளை அடையும் மின்னோட்டத்தைத் தனியே கண்காணித்தபடி, அது மொத்தத்தில் மிகச் சிறிய பங்காக நிற்கிறது என்று உறுதியான பின்பு துடிப்பை நீட்டிக்கொண்டே செல்லுங்கள். சில பத்து மில்லிநொடியை எட்டும்போது, துடிப்பலை அவர்கள் எச்சரித்த அயனிகள் சேரத் தொடங்கும். சுருள் மின்னோட்டம் அந்த இடத்தில் மாறுகிறதா என்பதைக் கவனித்துவிட்டுத்தான் தொடர் இயக்கத்துக்குச் செல்ல வேண்டும்.